இடப்பக்கம் ஏறிய சுரங்கள்

“இந்தக் கையால வாசிச்சா அம்மன் எப்படிம்மா ஏத்துக்குவா?”

மாசாய் என்ற ஊரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் கோயிலில், வெள்ளிக்கிழமை பஜனையை நடத்தும் ஆன்ட்டி கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அங்கிள், “பாட்டை போன்லயே போட்டு விட்டுடலாம் லா, எதுக்கு வம்பு?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் பிறந்தபோது வலது தோளில் நரம்பு அறுந்துவிட்டது. அந்தக் கை உடம்போடு சும்மா தொங்கும். விரல்கள் லேசாக மடியும், அவ்வளவுதான். சாப்பிடுவது, எழுதுவது, கீபோர்டு வாசிப்பது எல்லாம் இடக்கை. யாராவது பிரசாதம் கொடுத்தால் மட்டும் இடக்கையால் வலக்கையைத் தூக்கி முன்னால் நீட்டுவேன். வலக்கை வாங்கியதாகக் கணக்கு. சின்ன வயதிலேயே அம்மா பழக்கியது. அன்றும் அப்படியே பொங்கலை வாங்கிக்கொண்டு, கீபோர்டை உறையில் போட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பஜனைக்குப் போகவில்லை.

எனக்குத் திமிர் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவர். அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். என் டிப்ளோமா சான்றிதழ் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பள்ளியில் ஓர் ஆசிரியை, உடற்குறை உள்ளவர்களுக்கான அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது, “அது முடியாதவங்களுக்கு டீச்சர். எனக்கு எதுக்கு?” என்றேன். அப்போது அது பெரிய பதிலாகத் தெரிந்தது.

பஜனையை விட்ட பிறகு, ஒரு கையால் கீபோர்டு வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று இணையத்தில் தேடினேன். ஒரு தமிழ்க் குழு கிடைத்தது. எல்லாரும் உடலில் ஏதோ ஒரு குறையோடு இருப்பவர்கள், எல்லாருக்கும் இசை. சக்கர நாற்காலியில் மௌத் ஆர்கனைக் கட்டி வைத்து ஊதுபவர், மணிக்கட்டு வரை மட்டுமே கை உள்ள தபேலாக்காரர். ஒரு வாரம் எட்ட நின்று பார்த்தேன். புதிதாக வருபவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். நான் எழுதினேன்: “கீபோர்டு வாசிப்பேன். உங்களுக்கு உதவ வந்திருக்கிறேன்.”

அந்த ஒரு வரியைக் காப்பாற்ற நிறைய வேலை செய்தேன். போனை அலமாரித் தட்டில் கட்டி, மேலிருந்து கை மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுப்பேன். பிறகு படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிவிடுவேன். இடக்கை வலக்கையாகிவிடும். கீபோர்டின் மேல் இருந்த எழுத்துகள் இடவலம் மாறித் தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டினேன். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

குழுவில் பெக்கான் நானாஸ் என்ற ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். எழுந்து உட்கார முடியாது. ஆனால் மெட்டுப் போடுவார். முனகியே பதிவு செய்து அனுப்புவார். முதல் மெட்டைக் கேட்டபோது பேருந்தில் இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதுவரை பிறர் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, நாமும் ஒன்று செய்யலாம் என்ற ஆசை அன்றுதான் வந்தது. அவர் அனுப்புவார், நான் வாசித்துச் சேர்ப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

“தங்கச்சி, மாசாய்க்கும் எனக்கும் எவ்வளவு தூரம்? ஒரு நா வாயேன். நான் பாடறேன், நீ பக்கத்துல உட்கார்ந்து வாசி. அம்மா அன்னாசி வெட்டி வைப்பாங்க.”

“வர்றேன்க்கா. இந்த மாசம் ஆபீஸ்ல வேலை.”

அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் அப்பாவின் வேன் பழுது. வேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேரில் போனால் கை தெரிந்துவிடும், அவ்வளவுதான் காரணம்.

இதற்கிடையே அவருடைய மெட்டுகள் மாறின. முன்பு நீளமாகப் போன வரிகள் பாதியாயின. பிறகு மூன்று, நான்கு சுரத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கின. நான் அதைப் புதுப் பாணி என்று நினைத்தேன். “சின்னச் சின்ன வரியா அழகா இருக்குக்கா, இனிமே இப்படியே போடுங்க” என்று எழுதினேன். அவர் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினார். படித்தவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவள் நான். ஒருவருக்கு மூச்சு குறைந்துகொண்டே போவதைக் கேட்டுவிட்டுப் பாராட்டியிருக்கிறேன்.

பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஒரு மதியம், ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுத்தில் வந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள், இனிக் குரல் வராது, ஒரு விரல் மட்டும் போனில் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். அடுத்த செய்தி வரப் பத்து நிமிடம் ஆனது.

“உன் கீபோர்டுல மட்டும் மேல போற சுரமெல்லாம் இடப்பக்கமா போகுதே. முதல் வீடியோவுலயே பாத்துட்டேன். உன் வாயால சொல்லுவேன்னு இருந்தேன் லா.”

கீபோர்டில் வலப்பக்கம் போகப் போகச் சுரம் ஏறும். படத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பிவிடும். வாசிக்கத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். கையை மறைப்பதிலேயே கண்ணாக இருந்த எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அத்தனை முறை வரச் சொல்லியிருக்கிறார்.

கழிவறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து, “மன்னிச்சிடுங்கக்கா” என்று மட்டும் எழுதினேன்.

“அதெல்லாம் வேணாம். வா.”

அந்தச் சனிக்கிழமை போனேன். அப்பாதான் வேன் ஓட்டினார். அக்காவின் அம்மா அன்னாசித் தட்டை நீட்டினார். பழக்கத்தில் இடக்கை வலக்கையைத் தேடிப் போனது. அக்கா படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கையை அப்படியே விட்டுவிட்டு, இடக்கையாலேயே வாங்கினேன். பிறகு அவருடைய பழைய பதிவு ஒன்றைப் போனில் ஓடவிட்டு, கூடவே வாசித்தேன். பதிவில் அவர் மூச்சு வாங்கிய இடங்களில் நானும் நிறுத்தினேன். குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குரல் இருந்தபோது நான் இந்த அறைக்கு வந்திருக்கலாம். ஒரு மணி நேரத்துப் பயணம்தான்.

இப்போது அவர் சுரங்களை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்புகிறார். ஒரு வரிக்கு அரை நாள் ஆகிறது. குழுவில் எழுதியிருந்த என் பழைய அறிமுகத்தை அழித்துவிட்டு, என் கையைப் பற்றி எழுதினேன். திருப்பிய படங்களையும் நேராக்கிப் போட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், இந்த வெள்ளிக்கிழமை அக்காவின் மெட்டு ஒன்றை வாசிக்கிறேன் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

“இடக்கையாலதான் ஆன்ட்டி” என்று நானே சொன்னேன். பெயரை எழுதிக்கொண்டார்.