மீதி பன்னிரண்டு நிமிஷம்

விசில் ஊதுகிறவனுக்கு நண்பர்கள் கிடையாது; ஆட்டம் முடிகிற வரைக்கும் நிச்சயமாகக் கிடையாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு நடுவில் உட்கார்ந்தவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்கள், கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்கள் எல்லாரும் என் கட்சி. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவனின் வயிற்றெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி மூன்று வருடங்கள் நான் ஃபுட்பால் ரெஃபரியாக இருந்தேன்.

மாட்டிக்கொண்ட கதை

பகலில் தலத்தெருவிலிருந்து சைக்கிளில் வந்து ஜவுளிக்கடையில் துணி கிழிப்பேன். சாயங்காலம் மைதானம். ஆவணியில் தொடங்கி ஐப்பசி மழைக்குள் சீசன் முடிந்துவிடும். ஊரில் இரண்டு டீம்களைப் பற்றித்தான் பேச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளைச் சொல்தா என்போம். அவர்களுடையது சொல்தா டீம். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஊரில் காலேஜ் என்றே பெயர்; அந்தப் பையன்களுடையது காலேஜ் டீம். சொல்தாக்கள் அணிவகுப்பு போல வரிசை கலையாமல் ஆடுவார்கள். காலேஜ் பையன்களுக்கு வரிசை என்றாலே அலர்ஜி.

சொல்தா கேப்டன் மரியநாதனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பொதுவான ஆள் ஒருவர் ரெஃபரியாக வேண்டும் என்று பேச்சு வந்தபோது என்னைப் பிடித்து முன்னால் தள்ளியவன் அவன்தான். உங்கள் கூட்டாளியாயிற்றே, உங்கள் பக்கம் சாய மாட்டாரா என்று காலேஜ் பையன்கள் முணுமுணுத்தார்கள். மரியநாதன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்: "இவனுக்குப் பந்தை எப்படி உதைக்கிறதுன்னே தெரியாது. எந்தப் பக்கம் சாயறதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

பந்துக்குள்ளே என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலேஜ் டீமோடு நாகூருக்கு ஆடப் போனோம். நாலு மைல் தாண்டினால் அது வேறு தேசம். நடுவில் சுங்கச் சாவடி. எங்கள் ஊரிலிருந்து எது போனாலும் அதற்குள் சீமைக் கைக்கடிகாரம் ஒளிந்திருக்கும் என்பது சாவடிக்காரர்கள் நம்பிக்கை. நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை. அன்று சாவடிக்காரர் பந்தை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். அப்புறம் வார்க்கயிற்றைப் பிரித்து, ரப்பர் பிளாடரை வெளியே இழுத்து, காற்றைப் பிடுங்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினார். கோல் காக்கிற கோலி ஜமால், தருமபுரத்துப் பையன், பந்தைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வருகிறவன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்களிடம் பம்ப் இல்லை. வழியெல்லாம் ஜமாலே வாயால் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போய், ஆட்டத்தில் மூன்று கோல் விட்டான். பொழுது சாயத் திரும்பும்போது அதே சாவடிக்காரர். இந்தத் தடவை பந்தைத் தொடவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒளிக்காமச் சொல்லுங்க தம்பிகளா, எத்தனை கோல் கொண்டு வர்றீங்க?"

பாங்கு

மைதானத்தின் கிழக்குக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பள்ளிவாசல். பொழுது சாய்ந்ததும் தொழுகைக்குக் கூப்பிடுகிற மஃரிப் பாங்கு கேட்டால் பந்து எங்கே இருந்தாலும் நான் விசில் ஊதிவிட வேண்டும். பாதிப் பேர் தொழப் போவார்கள். அவர்கள் வருவதற்குள் இருட்டிவிடும். ஒரு டீம் முந்தியிருந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது; சமமாக இருந்தால் மட்டும் மீதி நிமிஷங்களை மறுநாள் பாங்குக்கு முன்னால், பந்து நின்ற இடத்திலிருந்து ஆடி முடிப்போம். சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. எங்கள் ஊரில் இதை மீறியவர்களும் கிடையாது.

இந்த மீதி ஆட்டம் பார்க்கவும் கூட்டம் வரும். ஒருநாள் மீதி ஏழே நிமிஷம். வரிச்சிக்குடியிலிருந்து ஒரு விவசாயி மண்வெட்டியோடு வந்து கோட்டோரம் நின்றார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு, இன்னும் யாரோ வரவில்லை என்று தாமதித்தேன். அவர் பொறுக்க முடியாமல் கத்தினார்: "ஐயா, சட்டுனு ஆரம்பிங்க, வயல்ல மடையைத் தொறந்து விட்டுட்டு வந்திருக்கேன்!"

நாளைக்கு

ஐம்பத்து நாலு ஐப்பசி. கொடி மாறப்போகிறது, சொல்தாக்களைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. எந்த நாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் சொல்தாவுக்கும் காலேஜுக்கும் கடைசி மேட்ச், ஜெயித்தவர்களுக்குக் கப்பு. ஆளுக்கு ஒரு கோல். பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது காலேஜ் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டினான். பெனால்டி. மரியநாதன் பந்தை வைத்தான். கிழக்குக் கோலில் ஜமால். மரியநாதன் பெனால்டியைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அவன் நாலு அடி பின்னால் போனான். நான் விசில் ஊதிக் கையைத் தூக்கினேன். "பாங்கு. நாளைக்கு" என்றேன். பழக்கதோஷத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். சொல்தாக்களைப் புதுச்சேரிக்கு ஏற்றுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அளவுகோலோடு ஓடினேன். லாரி நகர்ந்துவிட்டது. மரியநாதன் பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கத்தினான்: "பந்தை எடுத்துடாதடா, நான் வந்து அடிக்கிறேன்!"

ஒருவர் வந்தால் ஒருவர் இல்லை

அவன் வராத சாயங்காலங்களில் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்தான். பெட்டியை இறக்கியதும் கேட்டது ஜமாலைத்தான். ஜமால் அதற்குள் மாமாவின் கடைக்குப் பினாங்கு போயிருந்தான். "வெறும் கோல்லயாவது அடிச்சுட்டுப் போயேன்டா" என்று கெஞ்சினேன். அவன் தலையை ஆட்டினான்: "கோலி இல்லாம அடிச்சா அது பெனால்டி இல்லடா, வெறும் உதை."

ஐம்பத்தொன்பதில் ஜமால் வந்தான், மீசையும் சென்ட்டு வாசனையுமாக. மரியநாதன் பிரான்ஸில். இரண்டு பேரும் மைதானத்துக்குப் போனோம். ஜமால் கிழக்குக் கோலில் போய், பழைய இடத்திலேயே கால் அகட்டி நின்றான். பள்ளிவாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அன்னிக்கு நீங்க விசில் ஊதினப்ப பாங்கு சொல்லலே. பாங்கு சொல்ற மோதினார் அப்பத்தான் ஒளு செய்யக் கைகால் கழுவிகிட்டிருந்தாரு. நான் இங்கேருந்து பார்த்தேன்."

ஆமாம். பாங்குக்கு முன்னால் ஒரு உதைக்கு நேரம் இருந்தது. அந்தப் பந்து உள்ளே போனால் கப்பு சொல்தாக்களுக்கு, சீசன் முடிந்தது, மரியநாதன் மறுபடி மைதானத்துக்கு வரக் காரணமே இல்லை. இன்னும் ஒரு சாயங்காலம், இன்னும் பன்னிரண்டு நிமிஷம் அவன் என் கண்ணெதிரே ஓடவேண்டும் என்று இருந்தது. அதனால் ஊதினேன். அவன் அடிக்கவேண்டிய உதையை நானே தடுத்துவிட்டேன். "அப்பவே ஏன்டா சொல்லலே?" என்று ஜமாலைக் கேட்டேன். அவன் கோல் போஸ்ட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நீங்க ஏன் ஊதினீங்களோ, அதுக்குத்தாண்ணே."

எந்தப் பக்கமும் சாயாத ரெஃபரி என்று பேர் வாங்கிய நான் ஒரே ஒரு தடவை சாய்ந்தேன், அதுவும் மறுநாளின் பக்கம். அந்தப் பக்கம்தான் ஆட்டத்துக்கே வரவில்லை.