விழ விடாத கைகள்

என் மனைவியின் தம்பி அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். வயது இருபத்திரண்டு, தேகத்தில் நோயென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் நெடுநேரம் நின்றால் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, அப்படியே சரிந்து விழுவான். மறு நிமிஷம் எழுந்து, விழுந்ததற்காக வெட்கப்படுவான். மலையாள தேசத்தில் நாங்கள் குடியிருந்த வலியசாலைத் தெருவில் அதைப் பரிகாசமாகவே எடுத்துக்கொண்டோம். அப்பரிகாசத்தில் பெரும்பங்கு என்னுடையது.

ஓர் உற்சவ மாலையில், தீபாராதனைக்காகக் கோயிலினுள் நெருக்கியடித்து நின்றிருந்தோம். நடை சாத்தியிருந்தது, திறக்கத் தாமதமாயிற்று.

"அத்திம்பேர், கண்ணை இருட்டிண்டு வரது," என்றான்.

"ஆபீஸ்லே உக்காந்து தூங்கறது போறாதுன்னு இங்கே நின்னுண்டு தூங்கப் போறயா? நடை திறக்கட்டும்டா," என்றேன்.

அதற்குள் என்மேல் சாய்ந்தான். அந்தக் குறுகலான இடத்தில் அவனைக் கிடத்தினால் கால் சன்னதியை நோக்கித்தான் நீளும். அந்த அபசாரம் நேரலாகாது என்ற ஒரே நினைவில், அவன் அக்குள்களில் கை கொடுத்துத் தூணோடு சேர்த்து நிறுத்திப் பிடித்தேன். என் பிடியின் வலிமையில் அக்கணம் எனக்குப் பெருமையும் இருந்தது.

வழக்கமான ஒரு நிமிஷம் கடந்தது. அவன் விழிக்கவில்லை. உதடு சாம்பல் நிறமாயிற்று. கண்கள் மேலே செருகின. கைகால்கள் வெட்டி இழுத்தன. என் மார்போடு ஒட்டியிருந்த அவன் மார்பில் துடிப்பே தெரியவில்லை.

"கிடத்து ஸ்வாமி, அவனெ கிடத்து," என்று பின்னாலிருந்து ஒருவர் மலையாளத்தில் அதட்டினார்.

"சன்னதிக்கு நேரே காலை நீட்டச் சொல்றீரா? அந்தாண்டை போம்."

அவர் போகவில்லை. என் விரல்களைப் பிரித்தெடுத்து, அவனைக் கல்தரையில் கிடத்தி, இரு கால்களையும் உயரத் தூக்கிப் பிடித்தார். அவை நேரே சன்னதியைப் பார்த்தன. சற்றைக்கெல்லாம் உதட்டில் நிறம் ஊறியது.

அக்கோயில் வழக்கப்படி எல்லா ஆண்களையும் போல் சட்டையின்றி நின்றதால், அவர் டாக்டர் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஹார்ட்டைப் பிடிச்சு நிறுத்தற நரம்பு ஒண்ணு உண்டு, ஸ்வாமி. சிலருக்கு அது அதிகமாப் பிடிக்கும். அப்போ தலைக்கு ரத்தம் ஏறாது. விழுந்து கிடந்தா ஏறும். விழறதாக்கும் இவனுக்கு மருந்து," என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிருந்தா?"

அவர் தூக்கிய கால்களை இறக்காமலே, கணுக்காலில் அவன் நாடியைத் தொட்டுப் பார்த்தார்.

நடை திறந்தது. மணி ஒலிக்க, அனைவரும் கை குவித்தனர். என் கைகள் எழவில்லை. அவற்றை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெண்கள் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த என் மனைவி, தம்பியின் தலையை மடியில் ஏந்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லவேளை, நீங்க தாங்கிப் பிடிச்சுண்டேளே," என்றாள்.

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவன் கால்களை மெல்லத் தரையில் இறக்கினார்.