காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது, வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்துவது, கழன்று விழுந்த ஸ்க்ரூவைப் போட்டுக் கொடுப்பது என்று பகல் முழுக்கக் குனிந்த தலை நிமிர நேரமிருக்காது. அது போக இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. அதற்குச் சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. கல்லூரிக்குப் போகும் அவள் மகள் அதற்கு ‘சாவு ஆபீஸ்’ என்று பெயர் வைத்திருந்தாள். அம்மா கைபேசியை எடுத்தாலே போதும், “என்னம்மா, ஆபீஸ் திறந்தாச்சா?” என்பாள். அக்காவுக்குச் சிரிப்புதான் வரும். அப்பாவைப் பறிகொடுத்த பெண் அப்படியாவது கிண்டல் செய்கிறாளே என்று இருக்கும்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கப் போன கட்டடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாற்றி மாற்றி ஆறுதல் சொன்னார்கள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகும் பேருந்தில், குடியிருப்புக்காரர்களின் இணையப் பக்கத்தில், தண்ணீர் வரவில்லை, குப்பை அள்ளவில்லை என்ற புகார்களுக்கு நடுவே எழுதினாள்: “என் வீட்டுக்காரர் போயிட்டார். அவர் பிரஷ் இன்னும் என் பிரஷ் பக்கத்துலயே நிக்குது. எடுக்கவா, விடவா?”

கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. எடுக்காதீங்க என்றார்கள். எடுத்துட்டு நான் பட்ட பாடு இருக்கே என்றார்கள். செத்துப்போன அம்மாவின் செருப்பை வாரா வாரம் துடைத்து வைப்பதாக ஒரு லாரி டிரைவர் எழுதியிருந்தார். அந்தப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கியதுதான் ‘காலி நாற்காலி’ குழு. யாரும் யாருக்கும் உபதேசம் பண்ணக் கூடாது, ‘எல்லாம் விதி’ என்று சொல்லக் கூடாது, இங்கே பேசினதை வெளியே கொண்டுபோகக் கூடாது. விதிமுறை என்று அவள் எழுதிப் போட்டது அவ்வளவுதான். உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அவள் அக்கா. ஓய்வுபெற்ற வார்டு நர்ஸ் ஒருவர் அவளுக்குத் துணையாகக் குழுவைப் பார்த்துக்கொண்டார். அவர் எல்லாருக்கும் பெரியம்மா.

இந்தக் குழுவுக்குள் ‘நீலக்குடை’ என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். கணவர் திடீரென்று போய் ஒரு வருஷமாகிறது, ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. எழுத்து நிதானமாக இருக்கும். கணவர் சட்டை நுனியால் கண்ணாடி துடைப்பதை, தேநீரைக் கடைசி வாய் குடிக்காமல் வைப்பதை, பையனுக்கு யானை வரையச் சொல்லிக் கொடுத்து இருவரும் சிரித்ததை எழுதுவாள். படித்த எல்லாருக்கும் கண் கலங்கும். டிரைவர் அண்ணன், “தங்கச்சி, வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதேன்” என்று எழுதினார்.

நீலக்குடை நிறையக் கேள்வி கேட்பாள். பிள்ளையிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்? தனியாகக் கார் ஓட்டப் பழக எவ்வளவு நாள் பிடித்தது? திடீரென்று போனது நல்லதா, தெரிந்து போனது நல்லதா? அக்காவும் தன் அனுபவத்தையெல்லாம் அள்ளிக் கொட்டினாள். ஒரு முறை எழுதினாள்: “முதல் வருஷம்தான்மா நரகம். அப்புறம் மூச்சு விட வரும். சத்தியமா வரும்.” அதற்கு வந்த பதில்: “இந்த ஒரு வார்த்தை போதும் அக்கா. மனசு லேசாயிடுச்சு.” அன்றைக்கு அக்கா வீடு வரைக்கும் நடந்தே போனாள். அவ்வளவு நிறைவு.

அந்த நிறைவெல்லாம் ஒரு படத்தில் போயிற்று.

மதிய உணவு நேரம். கடையின் பின்னறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தாள். நீலக்குடை ஒரு படம் போட்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி. கீழே இரண்டே வரி: “அவர் விட்டுப்போனது. இனிமேல் எனக்குக் கேள்வி இல்லை, எல்லாருக்கும் நன்றி.” அக்கா அனுதாபமாக ஏதோ எழுதப் போனவள் நிறுத்தினாள். தங்க நிற ஃபிரேம். வலது காதுக்கம்பியில் மட்டும் கறுப்பு ஸ்க்ரூ. மூக்குப் பட்டையில் ஒன்று பழுத்த மஞ்சள், மற்றது புத்தம்புதுசு.

படத்தைப் பெரிதாக்கினாள். அந்தக் கறுப்பு ஸ்க்ரூவைப் போட்டது அவள்தான். போன வாரம். தங்க நிறத்தில் கைவசம் இல்லை, வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று அவள்தான் சொன்னாள். கண்ணாடிக்காரரையும் நினைவிருந்தது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், மெல்லிய குரல், “பரவால்லம்மா, கறுப்பே நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவர்.

போன வாரம் நடந்து வந்த மனுஷன் போன வருஷமே எப்படிச் செத்திருக்க முடியும்?

பெரியம்மாவுக்குப் போன் செய்தாள்.

“பெரியம்மா, அந்தப் பொண்ணு புருஷன் உயிரோட இருக்கார். உயிரோட இருக்கிறவருக்கு எதுக்கு அழறா? அவரை ஏதாவது பண்ணிடப் போறாளா?”

“நீ நல்லாப் பாத்தியா? அதே கண்ணாடிதானா?”

“நான் போட்ட ஸ்க்ரூ எனக்குத் தெரியாதா?”

“போலீஸுக்குப் போனா, ஒரு ஸ்க்ரூவைப் பாத்தேன்னு சொல்லுவியா? சிரிப்பாங்க. முதல்ல அந்த மனுஷனை நேர்ல வரவழை. ரெண்டு பேரையும் சேர்த்து வரவழை. அவ முகத்தைப் பாரு.”

டப்பாவை அப்படியே மூடினாள். நீலக்குடை எழுதிய எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகத் திரும்பப் படித்தாள். முன்பு கண்ணீராகத் தெரிந்தவை இப்போது வேறு மாதிரி தெரிந்தன. இத்தனை வரிகளில் கணவர் மேல் ஒரு சின்னக் கோபம்கூட இல்லை. விட்டுவிட்டுப் போனவரைத் திட்டாத பெண்ணை அந்தக் குழுவில் அக்கா பார்த்ததே இல்லை. அவளே லிஃப்ட் மெக்கானிக்கின் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தவள்தான். இவளோ விசாரித்துக்கொண்டே இருந்தாள், வீடு மாறப் போகிறவர்கள் புது ஊரைப் பற்றி விசாரிப்பதைப் போல.

கடையின் கணினியில் டிராயிங் மாஸ்டரின் எண் இருந்தது. எடுத்தவர் அவரே.

“சார், தங்கக் கலர் ஸ்க்ரூ வந்துடுச்சு. இன்னைக்கே வாங்க, மாத்திடலாம்.”

“வேண்டாம்மா. இனிமே அதுக்குத் தேவையிருக்காது.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் வாயில் வந்த பொய்யைச் சொன்னாள்: “இன்னைக்குக் கண் பரிசோதனை இலவசம் சார். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன்.”

அவர் யோசித்தார். “அவளுக்குப் படிக்கும்போது தலை வலிக்குதாம், சொல்லிட்டே இருக்கா. அதையும் முடிச்சிடலாம். சரி, வர்றோம்.”

*அதையும்* முடிச்சிடலாம். அந்த ‘உம்’ அவளைப் போட்டுப் படுத்தியது.

பையனைப் பள்ளியிலிருந்து அழைக்கும் நேரத்துக்கு முன்னால் இருவரும் வந்தார்கள். மனைவி உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தாள். “நீங்கதான் போன் பண்ணீங்களா? இவரை வீட்டை விட்டுக் கிளப்பினதுக்கே உங்களுக்கு ஒரு பரிசு குடுக்கணும். இப்போ கொஞ்ச நாளா ஆளே மாறிட்டார். குழாய் ஒழுகினா உடனே ரிப்பேர், பீரோ அடுக்கி வைக்கிறார், என்னை உக்கார வெச்சு கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறார். கல்யாணமான புதுசுல கூட இந்தக் கவனிப்பு இல்ல!”

டிராயிங் மாஸ்டர் சிரித்தார். கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை.

மனைவி கைபேசியை மேசை மேல் வைத்துவிட்டு ஃபிரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். அக்கா மேசைக்கு அடியில் தன் கைபேசியில் நீலக்குடைக்கு ஒற்றை வரி அனுப்பினாள்: “எப்படி இருக்கம்மா?”

மேசை மேல் கிடந்த கைபேசி இருண்டபடியே கிடந்தது. டிராயிங் மாஸ்டரின் சட்டைப்பை உறுமியது.

அவர் எடுத்துப் படித்தார். தலையைத் தூக்கினார். அக்கா மேசைக்கு மேலே கொண்டுவந்த கைபேசியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள்.

“அம்மா, நீங்க உள்ளே போங்க, எங்க டாக்டர் பாப்பார்” என்று மனைவியை அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

“சார், சாகணும்னு நினைக்கிறீங்களா?”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. “காரணம்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா. காலைல எழுந்தா நெஞ்சு மேல கல்லு. பசங்களுக்கு யானை வரையச் சொல்றேன், எனக்கே கை வரல. நான் இருந்து யாருக்கு என்ன? ஆனா அவளை நட்டாத்துல விட்டுட்டுப் போக மனசு வரல. நான் இல்லாம அவ எப்படி இருப்பான்னு தெரிஞ்சுக்கணும். அதான் அவளா எழுதிப் பாத்தேன்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நீங்கதான் சொன்னீங்க. ஒரு வருஷத்துல மூச்சு விட வரும்னு. சத்தியம் பண்ணீங்க.”

தன் வார்த்தையைத் தன் எதிரிலேயே வேறொருவர் கையில் கத்தியாகப் பார்த்ததுபோல் இருந்தது அக்காவுக்கு. துணையை இழந்து நிற்பவளுக்குச் சொன்ன ஆறுதல். போகிறவர் அதை அனுமதிச் சீட்டாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

“பொய் சார்” என்றாள். “மூச்சு வரும். ஆனா அது பழைய மூச்சு இல்ல. என் பொண்ணு அவ அப்பா சாவை வெச்சு ஜோக் அடிப்பா, நானும் சிரிப்பேன். அவ குளிக்கிறப்போ குழாயைத் திறந்துவிட்டு அழறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறா. இதை நான் குழுவுல எழுதல. எழுதியிருக்கணும்.”

உள்ளே மனைவி எழுத்துகளைச் சத்தமாகப் படித்துத் தப்பாகச் சொல்லி, அவளே சிரிப்பது கேட்டது.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. அங்க பேசினது வெளிய போகக் கூடாதுன்னு உங்க குழுவுல விதி இருக்கு.”

“அதை எழுதினவ நான்தான். இன்னைக்கு நானே மீறுறேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

சொன்னது அக்காதான். பரிசோதனை முடிந்து சிரித்துக்கொண்டே வந்த மனைவி முதலில் அக்கா மேல்தான் பாய்ந்தாள். “யாருங்க நீங்க? என் குடும்பத்தைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன உரிமை?” பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அக்கா ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். பெரியம்மா முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில், மனநல மருத்துவரிடம் சொல்லி வைத்துக் காத்திருந்தார். பையனை அன்றைக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தது அக்காவின் மகள்.

டிராயிங் மாஸ்டர் கொஞ்ச காலம் மருத்துவமனையில் இருந்தார். குழுவில் அக்கா எதையும் மறைக்கவில்லை. ஆள் யாரென்று மட்டும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். எங்கள் கண்ணீரை வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறானே என்று ஒருத்தி கொதித்தாள். டிரைவர் அண்ணன் மட்டும், “ஏமாந்தேன்தான். ஆனா நான் யாருக்கு அழுதேனோ அந்த ஆளுங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருக்காரே” என்று எழுதினார். அதன் பிறகு புதிதாக யார் வந்தாலும் அக்கா நிம்மதியாகப் படித்ததில்லை. அழகாக எழுதியிருந்தால் இன்னும் பயம். இது இருக்கிறவர் எழுத்தா, கிளம்புகிறவர் எழுத்தா? சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் நேராகக் கேட்டுவிடுவாள்.

மழை ஓய்ந்த ஒரு நாள் மனைவி தனியாகக் கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். படிக்கும் கண்ணாடி வாங்க வந்தேன் என்றாள். போட்டுப் பார்த்தாள். கழற்றாமலே சொன்னாள்: “என் பேர்ல அவர் எழுதினதெல்லாம் படிக்கணும். காட்டுங்க.”

அக்கா தயங்கினாள். பிறகு பின்னறையில் உட்கார வைத்துக் கைபேசியை நீட்டினாள். அவள் படிக்கப் படிக்க உதடு இறுகியது. பாதியில் ஒரு சிரிப்பு வெடித்தது.

“நான் இப்படிப் பேசவே மாட்டேன். எனக்கு ஏதுங்க இவ்வளவு பொறுமை? இந்த மனுஷன் நிஜமாவே போயிருந்தா, ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். கத்திக் கத்தியே செத்திருப்பேன். கூடவே குடித்தனம் பண்ணியிருக்கார், என்னைத் தெரியல பாருங்க.” கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தாள். “இப்பவும் அவர் பாத்ரூம்ல கொஞ்சம் தாமதிச்சா, நான் கதவுக்கு வெளியே நிக்கிறேன்.”

அப்போதுதான் இருவரும் ஒன்றாகப் பார்த்தார்கள். ‘நீலக்குடை’ என்ற பெயரின் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் உள்ளே வந்திருக்கிறார்.

மனைவி தன் கைபேசியை எடுத்து அவரை அழைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் எடுத்தார்.

“எங்க இருக்கீங்க? என்ன பண்றீங்க?”

“வீட்லதான்” என்ற குரல் அக்காவுக்கும் கேட்டது. “பையன் பக்கத்துல உக்காந்து வரையறான். நான் எழுதினதையெல்லாம் அழிச்சிட்டிருக்கேன்.”

மனைவி மூச்சை இழுத்து விட்டாள்.

“அழிக்காதீங்க” என்றாள். “நான் இன்னும் படிச்சு முடிக்கல.”