வேப்பிலைக் கணக்கு

போன வாரம் தபாலில் பாவாவின் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வந்தது. வைரஸ் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி, பதினாலு பக்கம். அதில் எனக்குப் புரிந்தது அவர் பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் சமன்பாடு!

ஆனால் இந்த ஆராய்ச்சி எங்கே ஆரம்பித்தது என்பது எனக்குத் தெரியும். திருத்தணியில், எங்கள் தெருவில்.

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். மெட்ராஸில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுப்பவர். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்கு முதல் பிரசவம் நெருங்கியது. தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் சின்னம்மை. நிறைமாதத்தில் தாய்க்கு அது வந்தால் குழந்தைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்துவிட்டார்.

பாவாவின் கல்லூரியோ ஸ்ட்ரைக்கில் மூடிக் கிடந்தது. அக்காவைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, நோட்டும் பென்சிலுமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"இரும்புக் கம்பியோட ஒரு முனையைச் சூடு பண்ணினா, அடுத்த முனைக்கு எப்பச் சூடு போகும், எப்ப ஆறும்னு கணக்குப் போடலாம் இல்லையா மச்சான்? இந்தத் தெருதான் கம்பி. அம்மை ஆறுற தேதியைக் கண்டுபிடிச்சு உங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

மூன்று கட்டம் போட்டார். இன்னும் வராத வீடு, வந்திருக்கும் வீடு, வந்து போன வீடு. சரி... எந்த வீட்டில் வந்திருக்கிறது என்று யாரைக் கேட்பது? அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது. ஆகவே வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் நோய் என்று குறித்துக்கொண்டார். தினம் காலையும் மாலையும் நடை.

ஒரு வாரம் போயிற்று. கோடு அழகாகக் கீழே இறங்கியது. இரண்டாவது வாரம் இன்னும் கீழே. சனிக்கிழமை ரயிலில் அக்கா புறப்படுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை நடை போனவர், முகம் வெளுத்துத் திரும்பி ஓடினார். வீட்டுக்கு அல்ல, தபாலாபீசுக்கு! 'புறப்படாதே' என்று மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் வந்தார். எங்கள் வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தை... நம்ம வீட்லயுமா?"

தெருவில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் வேப்பிலை. பின்னே? அன்றைக்கு ஆடி வெள்ளி — அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்! மெட்ராஸ்காரருக்கு ஆடி என்றால் ஜவுளிக்கடைத் தள்ளுபடி ஒன்றுதான் ஞாபகம் வரும் போலிருக்கிறது.

அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். "இன்னா மாப்ளே நீங்க! அம்மை வந்த வூட்ல தாளிக்க மாட்டாங்க. காத்தால அடுப்பு வேலை நடக்கறப்போ தெருவுல நடந்துகினு போனீங்கன்னா, மூக்கே சொல்லிடும்."

பாவா கோபித்துக்கொள்ளவில்லை. அளவுகோல் தப்பு என்று தெரிந்தால் மாற்றிவிடுவதுதானே விஞ்ஞானம்? மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு நின்று மோந்து பார்த்தார். கடுகு வாசனை வந்தால் ஒரு டிக்.

நாலாவது வீட்டு நெசவாளர் முனிரத்தினம் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வாசல்ல நின்னுகினு மோந்து பாக்கறீங்க?"

"இன்னைக்குத் தாளிச்சீங்களா?"

"ஆங், தாளிச்சாச்சு. உள்ள வாங்க, சாப்ட்டுப் போங்க!"

ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

செவ்வாய்க்கிழமை முடிவு சொன்னார். எல்லா அடுப்பிலும் கடுகு வெடிக்கிறது, தெரு ஆறிவிட்டது, வியாழக்கிழமை அக்காவுக்குத் தந்தி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பாவாவுக்குக் காய்ச்சல். மார்பில் நாலைந்து கொப்புளம். "கொசுக்கடி அத்தை" என்றார். அம்மா வெளியே போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். இது கூழுக்கான வேப்பிலை இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அசட்டுத் தந்தி போகாமல் இருந்திருந்தால், அக்கா நாலு நாளாக இதே வீட்டில், இவர் பக்கத்திலேயே இருந்திருப்பாள்! கேலி செய்து சிரித்த அம்மா, அடுக்களையில் போய் அழுதாள்.

பாவா வேப்பிலைப் படுக்கையில் படுத்தபடி முனகினார். "தெருவுல எல்லாரையும் கட்டத்துல போட்டேன் மச்சான். என்னை மட்டும் எந்தக் கட்டத்துலயும் போடலையே!"

ஊரை அளக்கக் கிளம்புகிற நாம் எல்லாரும் இப்படித்தான் — ஊருக்கு வெளியே நின்றுகொண்டு அளப்பதாக நினைப்பு.

அக்காவுக்கு மெட்ராஸிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்ற தந்தியை அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பாவாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, டாக்டரம்மாவும் சரி என்ற பிறகுதான் நாங்கள் ரயில் ஏறினோம்.

புருஷனின் முகத்துத் தழும்பைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கியது. உடனே கோபமும் வந்துவிட்டது. "தெருவையே கணக்கெடுத்தீங்க, சரி. கிளம்பறதுக்கு முன்னாடி, சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கான்னு உங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பாவா குழந்தையை மடியில் வாங்கி, குட்டிக் கால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

இரண்டு தடவையும் பத்துதான்!