அம்மா தள்ளிவைத்த மட்டை

என் அம்மா சரசு, சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பள்ளி நாளில் ஹாக்கி ஆடினார். முட்டி போனபின் போட்டி அலுவலர் ஆனார். ஆட்டத்துக்கு முன் வீரர்களின் மட்டைகளைச் சோதிப்பது அவர் பொறுப்பு.

மட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் அதன் வளைவு இருபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பந்தை இன்னும் வேகமாகச் சுண்டியெறியலாம். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தபோது, வெண்கலப் பதக்க ஆட்டத்துக்குச் சற்று முன், நம் அணியின் திலீப்புடைய மட்டையை அம்மா தள்ளிவைத்தார். திலீப் அம்மாவின் அக்கா மகன். வேறு மட்டையோடு ஆடினான். கிடைத்த பெனால்டி கார்னர்களை எல்லாம் வீணாக்கினான். தோற்றோம்.

"எதிரணிக்காரன் என்ன கொடுத்தானோ" என்று திலீப்பின் அம்மா, என் பெரியம்மா பூவம்மா, தம் வட்டாரமான பொங்கோலில் ஆரம்பித்தார். அந்தப் பேச்சு தேக்கா சந்தைவரை வந்தது.

"என்னக்கா, இன்னிக்கு என் தராசையும் தள்ளி வைப்பீங்களா?" என்றார் மீன்கடை நூர்தீன்.

"சரியா இருந்தா ஏன்லா பயப்படுறே?" என்றார் அம்மா.

நான் பொருள்சோதனைப் பொறியாளர். அளவுகருவி பழுதாக இருக்குமோ என்று கேட்டேன். "மூணு தடவை வச்சுப் பார்த்தேன். போதுமா?" என்றார் அம்மா. அதன்பின் சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

போன மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தோம். வந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழ வந்தார்களா, வேடிக்கை பார்க்க வந்தார்களா என்று பிரிக்க முடியவில்லை.

பெரியம்மா வந்தார். கூடவே திலீப், வேட்டி கட்டிக்கொண்டு. அந்த வேட்டி எனக்குச் சரியாகப் படவில்லை. நான் மகள்; கொள்ளி வைக்க எனக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை யாரும் இல்லை.

"கொள்ளிக் குடம் யாரு எடுக்கிறா?" என்றார் சடங்கு செய்யவந்த பண்டாரம்.

"அக்கா மவன் இருக்கான்ல, அவன் எடுப்பான்," என்றார் பெரியம்மா. திலீப் சட்டையைக் கழற்றினான்.

அவன் எடுத்தால், அம்மாவை அவர்கள் மன்னித்துவிட்டதாக ஆகும்.

"நில்லுடா. அந்த மட்டை சரியா, தப்பா? சொல்லிட்டு எடு."

"பொணத்த வச்சுக்கிட்டு என்னடி கேள்வி?"

"அவங்க உயிரோட இருந்தப்ப நீங்க பேசினீங்க பெரியம்மா. இப்ப அவன் பேசட்டும்."

"மண்டாய் சுடுகாட்டுல நேரம் குடுத்திருக்காங்கம்மா," என்றார் பண்டாரம்.

திலீப் தரையைப் பார்த்தான். "தப்புதான்க்கா. முந்தின வாரமே சித்தி பார்த்துட்டு, மாத்திக்கடான்னாங்க. செக் பண்றது நம்ம சித்திதானே, விட்டுருவாங்கன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடா!" என்றார் பெரியம்மா.

"நீங்க எங்க கேட்டீங்கம்மா? கத்துனீங்க."

குடம் கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறானா, உண்மையிலேயே சொல்கிறானா? எனக்குத் தெரியவில்லை.

"சத்தமா சொல்லு. பின்னால உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

இன்னொருமுறை சொன்னான். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடத்த நான் எடுக்கிறேன். நீ பெட்டியப் பிடி," என்றேன்.

பண்டாரம் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா ஒதுங்கி வழிவிட்டார். பண்டாரம் குடத்தைத் தூக்கி என் தோளில் வைத்தார். திலீப் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவின் கால்மாட்டுக்குப் போனான்.