எங்கள் நாட்டில் ஏரி கிடையாது

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகப் புத்தி. கடலைப் பொட்டலம் வாங்கினால் அண்ணனுடையதை ஒரு கையிலும் என்னுடையதை மறு கையிலும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். தோசையில் எது பெரிது என்று அடுப்பங்கரை வாசலில் நின்று கண்காணிப்பேன். "இவள போலீஸ் வேலைக்குத்தான் அனுப்பணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். இப்படிப்பட்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்தும் தலையெழுத்து என் சின்ன மாமாவுக்கு வாய்த்தது.

மாமா, அம்மாவின் தம்பி. ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், சங்கராபுரம் சாலையோரம் இருந்த எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மாமா பாதி நாள் சங்கத்துக் கூட்டம் என்று போய்விடுவார். மீதி நாள் எங்களோடு ராச்சியம் ஆடுவார்.

ராச்சியம் அவரே உண்டாக்கிய ஆட்டம். வீட்டுக்குப் பின்னால் நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் கரித்துண்டால் ஒரு நாட்டை வரைந்திருந்தார். மேற்கே கல்வராயன் மலை மாதிரி ஒரு மலை, கிழக்கே ஒரு பட்டணம், நடுவே ஊர்கள், சந்தைகள், வழிகள். அண்ணன் அந்த நாட்டில் படைவீரன். அத்தை மகன் திருடன். அந்த வேஷம் அவனுக்கு இயல்பாகவே பொருந்தியது. நான் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரி. யார் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி, வெள்ளை எத்தனை விழுகிறது என்று பார்த்து, காரியம் பலித்ததா இல்லையா என்று மாமா சொல்வார். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. அப்படியென்றால் எதற்கு ஆடுவது என்பது என்னுடைய முதல் சந்தேகம்.

சனிக்கிழமை சனிக்கிழமைதான் ஆட்டம். இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவே அந்த நாட்டிலும் ஒரு வாரம் ஓடியிருக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அங்கே மழை பெய்திருக்கும், ராஜாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கும், ஒரு பாலம் இடிந்திருக்கும். ஆனால் எதுவும் திடுதிப்பென்று வராது. முதல் வாரம் காதில் ஒரு சேதி விழும். அடுத்த வாரம் கண்ணில் ஓர் அடையாளம் படும். அதற்கடுத்த வாரம்தான் காரியம் நடக்கும். இந்த வரிசையை மாமா ஒருநாளும் மாற்றியதில்லை.

ஒருமுறை, மேற்கே மாடுகள் செத்துக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரம் சந்தையில் மாடே வரவில்லை என்றார். அதனால் என்ன என்று வண்டியை மலைக்கே ஓட்டினேன். அதற்கடுத்த வாரம் என் செவலைக் காளை படுத்துவிட்டது. ஏமாற்று வேலை என்று கத்தினேன்.

"நான் சொல்லிக்கினேதான இருந்தேன் பாப்பா. நீ காதுல வாங்கல. நீ கவனிக்கலன்னு ஒலகம் நின்னுக்கினு இருக்குமா?" என்றார் மாமா.

இந்த அநியாயங்களையெல்லாம் சாயங்காலச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் முறையிடுவேன். அப்பா, கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். காலையில் முதல் டிரிப் அவருடையது. பஸ்ஸை எடுக்குமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் படியில் கால்வைக்க மாட்டார். களத்துப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டே அந்த நாட்டின் வழிகளும் சட்டதிட்டங்களும் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. "உன் செவல இன்னா ஆச்சி?" என்று அவரே விசாரிப்பார்.

அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. எங்கேயோ போராட்டக்காரர்கள் ஒரு பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மூண்ட சண்டை அது.

"ரோட்டுல போற வண்டிய அடிச்சா வேல குடுத்துடுவானா?" என்று அப்பா கேட்டார்.

"அடிக்காம இருந்தப்ப மட்டும் குடுத்தானா மாமா?" என்று மாமா திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் இருக்க மாட்டார். அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவே சோற்றுத் தட்டோடு அலைந்தாள்.

சாலை மறியல் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது. எந்த ஊர், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தாள்: "கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிட்டு வந்துகிறான். எது கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறான்." எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அப்புறம் தலையே போனாலும் சொல்லக்கூடாது.

அதற்கு மறுநாள்தான் அந்த ஆட்டம் நடந்தது. சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பையைக்கூட இறக்கவிடாமல் மாமா களத்துக்குக் கூப்பிட்டார். அண்ணனும் இல்லை, அத்தை மகனும் இல்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியது.

"ஒரு சேதி வந்துகிது பாப்பா. மேற்கு வழியில மரம் வெட்டுறவங்க கோடாலிய தீட்டிக்கினு இருக்காங்களாம்" என்றார்.

சரி, சேதிதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இரு. அடையாளமும் வந்துடுச்சி. ஏரிக்கரை வளைவுல புளியமரத்துக்கெல்லாம் அடியில பாதி வெட்டு வுழுந்துகிது."

"ஏரியா? நம்ப நாட்ல ஏது மாமா ஏரி?"

அவர் அவசரமாகக் கரித்துண்டை எடுத்து வழியை ஒட்டி ஒரு ஏரியை வரைந்தார். கோடு கோணிக்கொண்டு போனது. என் ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. இல்லாத ஏரி, ஒரே நாளில் சேதியும் அடையாளமும்! போதாததற்குக் காரியத்தையும் சொன்னார்: "நாளைக்கி விடிஞ்சதும் மொதல்ல வர்ற வண்டிக்கு முன்னால ஒரு மரம் சாயும், பின்னால ஒரு மரம் சாயும். நடுவுல மாட்டுற வண்டி மேல கல்லு வுழும். வண்டி ஓட்டுறவன் மண்டைக்குத்தான் மொதல் கல்லு."

"என் வண்டிதான மொதல்ல வரும்?"

"உன் வண்டிதான்."

புளியங்கொட்டையை உருட்டக்கூட விடவில்லை. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. ஏமாற்றுகிறவனுக்கு வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் அத்தை மகனுக்கு அப்படித்தான் வியர்க்கும்.

அன்று சாப்பாட்டில் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். அப்பா முதலில் சிரித்தார். ஏரிக்கரை வளைவு என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வாரத்துக்கு உண்டானத ஒரே நாள்ள சொன்னானா?" என்று கேட்டார்.

"அதாம்ப்பா நானும் சொல்றேன்! அவசர அவசரமா என் வண்டிய கவுத்துட்டாரு!"

"விடிஞ்சதும்னா சொன்னான்?"

"ஆமாம்."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். என் பக்கம் நியாயம் இருந்ததால்தான் அவருக்கு இவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஊரே சாலைக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். அப்பாவின் பஸ் எங்கள் ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. இன்ஜினிலிருந்து புகை. பயணிகள் சாலையோரம் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு என்று கண்ணைக் கசக்கினாள்.

"சொட்டுத் தண்ணி இல்லண்ண! நீயா தண்ணி பாக்காம வண்டிய எடுத்த?" என்று கண்டக்டர் மாய்ந்து மாய்ந்து கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எதிர்த் திசையிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், ஊர் தாண்டி இருக்கும் ஏரிக்கரை வளைவில் மரங்களைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், கையில் கல்லோடு கூட்டமாக நிற்கிறார்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னார். ஏசிக்கொண்டிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாரியம்மன்தான் பஸ்ஸை நிறுத்திவைத்தாள் என்று ஒரு கிழவர் உறுதியாகச் சொன்னார்.

மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது. மரம் சாய்ந்தது வேறு, இன்ஜினைத் தீய்த்தது வேறு என்று பஸ் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டாராம். தண்ணி ஊத்தாத டிரைவர் மகள் என்று வகுப்பில் எனக்குப் பெயர் வைத்தார்கள். அப்பா மேல் எனக்கு ஆறாத வருத்தம். இத்தனை வருஷம் அவர் நல்ல டிரைவர்தானா, அல்லது யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று அவரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்த மாமா ஒரு சனிக்கிழமை வந்தார். தாடி வளர்ந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன்.

"உன் வண்டி தப்பிச்சிடுச்சி பாப்பா" என்றார்.

"எப்பிடி? கொட்டைய யாரு உருட்டுனது?"

"ஏரிக்கு வர்றதுக்கு முன்னாடியே வண்டிக்காரன் அச்சாணிய கழட்டிட்டான். வண்டி போச்சி. வண்டியில வந்தவங்கல்லாம் பொழச்சிக்கினாங்க."

"வண்டிக்காரி நானு! நான் எங்க கழட்டுனேன்?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுவதுபோல் நடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று அப்பா முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். வேலையில்லாத அப்பா நடுப்பகலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ப்பா, மாமா மறுபடியும் ஏமாத்துறாரு. நீயே கேளு."

அப்பா மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"அவன் ஏமாத்தல" என்றார் அப்பா. பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார். அத்தனை மாதங்களில் அவரிடம் அப்பா பேசிய முதல் வார்த்தை அது. மாமா உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் முதுகின் மேல் அப்பாவின் கை இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய், "ம்மா, அவங்க ரெண்டு பேரும் கூட்டு" என்று புகார் சொன்னேன். அம்மா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சிரித்தபடியே அழுதாள். சரி, இவளும் அவர்கள் பக்கம்தான் என்று புரிந்துகொண்டேன்.