சீசனுக்குப் பூட்டிய வீடு

குற்றால சீசன் வந்தால் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். கறிச்சோறு போட்டுத்தான் அருவிக்கு அனுப்புவோம். அந்த வருஷம் முடியவில்லை. கணவரின் கடை நொடித்துப்போய், கடனை அடைக்க இருவரும் மூன்று வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல்; காணம் என்றால் கொள்ளு.

அவருடைய அக்கா குடும்பத்தோடு வருவதாகச் சொன்னதும் எனக்குப் புத்தி கெட்டது. முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கமாக உள்ளே வந்து, கணவரையும் உட்காரவைத்துப் பதுங்கினேன்.

வேன் வந்து நின்றது. "வீடு பூட்டிக் கெடக்கே" என்றார் அக்கா.

"பேசாம இருங்க" என்று கணவரிடம் கிசுகிசுத்தேன்.

"ஏட்டி, நாம என்ன களவாண்டா திங்கோம்?" என்று எழுந்தவர், ஜன்னலைத் திறந்து சாவியை நீட்டினார்.

"அக்கா, உள்ளதான் இருக்கோம். கடன் அடைக்கோம். கஞ்சியும் காணத் துவையலும்தான் இருக்கு. சம்மதம்னா தொறந்துட்டு வாங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏலே, கஞ்சி ஊத்த வெக்கப்பட்டா வீட்டப் பூட்டுனிய?" என்றபடி அக்கா பூட்டைத் திறந்தார். வேனில் வந்தவர்களில் முகம் சுளித்த சிலர் ஹோட்டலுக்குப் போனார்கள். அக்கா இரண்டாம் முறை துவையல் கேட்டார்.

கடன் இன்னும் தீரவில்லை. இந்த வருஷமும் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டது. வருகிறவர்கள் வரட்டும், கஞ்சிதான். அந்தப் பூட்டை எடைக்குப் போட்டு, கிடைத்த சில்லறைக்குக் காணம் வாங்கி வைத்திருக்கிறேன்.